நாலாவது ராஜா

படுத்தே கிட என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கிடக்கிறவளுக்குத்தான் தெரியும். சித்தூர் மிஷன் காம்பவுண்டில், அம்மா வீட்டு நடு அறையில், கட்டிலின் கால்மாட்டுக்குச் செங்கல் கொடுத்து உயர்த்தி, கேசியாவை அதில் கிடத்தியிருந்தார்கள். குளியலறைக்குப் போகலாம், வரலாம். அதைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்கக் கூடாது. இதற்கு முன்னால் இரண்டு தடவை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போயிருந்தது. இந்தத் தடவை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தார்கள். தையல் தாங்கினால் பிள்ளை. தாங்காவிட்டால் பழையபடி ஸ்ரீ சிட்டிக்குத் திரும்பி ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அவள் தரம் பார்க்கிறவள். ஏசிக்குள் போகும் செம்புக் குழாய்களை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்து, சரியானதை ஒரு தட்டிலும் கழித்ததைச் சிவப்புத் தட்டிலும் போடுவாள். மூன்றாவது தட்டு என்று ஒன்று அங்கே கிடையாது. நல்லதே நடக்கும் என்று சீட்டு ஒட்டி ஒரு குழாயையும் வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அவள் வயிற்றைப் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லாருமே அந்த மூன்றாவது தட்டில்தான் போட்டார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து கட்டிலோரம் வைத்துவிட்டு, "ஆண்டவர் கைவிடமாட்டார்" என்றார்கள். திருப்பதி டாக்டரம்மாவிடம் அவள் நேராகவே கேட்டாள்.

"நூத்துக்கு எத்தினி சான்ஸ் மேடம்?"

"அலா லெக்கலு வேயகூடதம்மா, தைரியங்கா உண்டு." கணக்குப் போடாதே, தைரியமாக இரு என்று அர்த்தம். கணக்குப் போட்டுத்தானே தையல் போட்டீர்கள் என்று கேட்க நினைத்தாள். படுத்திருக்கிறவள் டாக்டரிடம் வம்பு வளர்க்கக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

அப்போதுதான் கூட வேலை செய்யும் ஹரிதா போனுக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். தனி ஆளாக ஆடும் ஆட்டம், அக்கா. டைரி எழுதி ஆடுவது. உனக்குத்தான் நேரம் கிடக்கிறதே என்று கூடவே ஒரு குரல் செய்தி. ஆட்டம் இதுதான். என்ஜின் நின்றுபோன படகில் நடுக்கடலில் தனியாக மாட்டிக்கொண்டாய். நாளுக்கு ஒரு சீட்டு உருவ வேண்டும். சீட்டில் வந்தது அன்றைக்குப் படகில் நடந்ததாக வைத்து நோட்டில் எழுத வேண்டும். வாரத்துக்கு ஒரு கப்பல் தூரத்தில் போகும். அன்று பகடை போட வேண்டும். ஆறு விழுந்தால் கப்பல் உன்னைப் பார்த்துவிடும், பிழைத்தாய். அதற்குள் சீட்டுக்கட்டில் இருக்கும் நான்கு ராஜாக்களும் கைக்கு வந்துவிட்டால் படகு மூழ்கிவிடும், அவ்வளவுதான். முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: 'பெரும்பாலும் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள்.'

கேசியாவுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் படுத்த நாளாக அவளிடம் மறைக்காமல் பேசிய முதல் ஆள் இந்த பிடிஎஃப்தான்.

பகடைக்குப் பஞ்சமில்லை, சின்ன வயதில் ஆடிய லூடோ அலமாரியில் கிடந்தது. சீட்டுக்கட்டுதான் இடித்தது. மிஷன் காம்பவுண்டு வீடுகளில் பாம்பு நுழைந்தால்கூட அடித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். சீட்டுக்கட்டு நுழைந்தால் ஜெபக்கூட்டம் வைக்க வேண்டியிருக்கும். போனில் சீட்டு உருவப் பார்த்தாள். இரண்டாவது உருவலிலேயே ரம்மி விளம்பரம் ஊரைக் கூட்டிக் கத்தியது. கூடத்திலிருந்து அவள் நைனா இயேசுதாசன், "இன்னாம்மா அது சத்தம்?" என்று எழுந்தே வந்துவிட்டார்.

வழி அவள் தலைமாட்டிலேயே இருந்தது, ஒரு பிஸ்கட் டப்பாவில். அவர்கள் சபையில் வருஷப் பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் எழுதியிருக்கும் வசனம் அந்த வருடம் முழுக்க அவர்களுக்கு. கடையில் அச்சடித்தவை கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கேசியாவின் அம்மா யூனிஸ் அதைத் தொடமாட்டாள். மாதர் சங்கத்தின் பேரில் மஞ்சள் சார்ட் பேப்பரை வெட்டி, கையால் எழுதி, ரிப்பன் கட்டித்தான் கொடுப்பாள். எடுத்த அட்டை எடுத்ததுதான். திருப்பிப் போட்டுவிட்டு இன்னொன்று எடுக்கக் கூடாது, அடுத்தவரோடு மாற்றிக்கொள்ளவும் கூடாது. ஒரு வருடம் இயேசுதாசன் இரண்டாவதாக ஒன்றை உருவப் பார்த்தபோது, சபை நடுவிலேயே அவர் கையைத் தட்டிவிட்டவள் அவள். இந்த வருடம் அட்டை எழுதும் வேலையை, கையெழுத்து நன்றாக இருக்கிறது, சும்மாவும் கிடக்கிறாள் என்று மகளிடம் தள்ளிவிட்டிருந்தாள்.

எழுதி முடித்த அட்டைகளையே கேசியா சீட்டுக்கட்டாக்கிக்கொண்டாள். மத்தியானம் அம்மா தூங்கும்போது டப்பாவிலிருந்து ஓர் அட்டை எடுப்பாள். நிறைவைப் பற்றிய வசனம் வந்தால் படகுக்குள் மீன் துள்ளி விழும். இளைப்பாறுதல் என்று வந்தால் அன்று அலையில்லை. படகு என்றால் பிச்சாட்டூர் அணையில் பார்த்த பரிசல்தான் அவளுக்குத் தெரியும். அதையே கொஞ்சம் பெரிதாக்கிக் கடலில் விட்டு நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நாளில் ஆட்டம் சப்பென்று ஆகிவிட்டது. எந்த அட்டையை எடுத்தாலும் நல்லதே வந்தது. வாக்குத்தத்த டப்பாவில் யாரும் சாகமாட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகாது. இப்படி ஒரு கடல் எங்கே இருக்கிறது? ஆப்பிள் கொண்டுவந்தவர்களின் பேச்சையே வெட்டி ரிப்பன் கட்டினது போல இருந்தது அவளுக்கு. தோற்க முடியாத ஆட்டத்தில் பிழைத்து என்ன பெருமை என்று எரிச்சலானாள்.

அதனால் ராஜாக்களை அவளே செய்தாள். அதே மஞ்சள் பேப்பர், அதே பேனா, அதே ரிப்பன். முதல் ராஜாவில், 'தண்ணீர் உள்ளே வருகிறது' என்று எழுதினாள். இரண்டாவதில், 'இருந்த ஒரே விளக்கும் அணைந்தது.' மூன்றாவதில், 'நீ வீசிய கயிறு யார் கைக்கும் எட்டவில்லை.' நாலாவது ராஜாவுக்குக் கொஞ்ச நேரம் யோசித்து, 'படகு மூழ்குகிறது, உன்னோடு யாரும் இல்லை' என்று எழுதினாள். அடையாளத்துக்கு ஒரு சிவப்புப் புள்ளிகூட வைக்கவில்லை. வைத்தால் எடுக்கும்போதே விரல் ஒதுங்கிப் போகும், ஆட்டம் ஆட்டமாக இருக்காது. ஆடி முடித்ததும் நான்கையும் தேடிப் பிரித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொள்வாள். கழித்த பொருளுக்கு அடையாளம் இல்லாமல் வைப்பது அவள் தொழிலில் எவ்வளவு பெரிய குற்றம் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். நம் கையில்தானே இருக்கிறது என்ற திமிர்தான்.

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம், மாத்திரை அசத்தியதில் ஆட்டத்தின் நடுவிலேயே தூங்கிப் போனாள். விழித்தபோது அட்டைகளை யாரோ டப்பாவில் அடுக்கி மூடி போட்டிருந்தார்கள். அவள் புரண்டு படுத்து மறுபடி தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் கண் விழித்தபோது வீட்டில் யாருமில்லை. கதவை வெறுமனே சாத்திவிட்டு இரண்டு பேரும் ஆராதனைக்குப் போயிருந்தார்கள். பிளாஸ்கில் காபி இருந்தது. கோவில் அதே காம்பவுண்டின் மறு கோடியில்தான் இருந்தது, மைக்கில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கேசியா கையை நீட்டித் தலைமாட்டைத் தடவினாள். டப்பா இல்லை. தலையணை உறைக்குள் தடவினாள். உறை காலி.

கழித்த சரக்கு நல்ல சரக்கோடு கலந்து லோடு ஏறிவிட்டது.

அம்மாவின் போனுக்கு அடித்தாள். அது சமையலறையில் சார்ஜில் இருந்தபடி மணி அடித்தது. நைனா கோவில் வாசலில் கால் வைப்பதற்கு முன்பே போனை அணைத்துவிடுகிற ஆள். ஜாபேஸுக்குப் போட்டாள். அவள் கணவன் ஸ்ரீ சிட்டியில் காலை ஷிப்டில் இருந்தான். அவன் என்ன செய்துவிட முடியும்? மைக்கில் பாட்டு நின்று, பாஸ்டர் ஐயா அட்டை எடுக்கக் குடும்பம் குடும்பமாக வரச் சொன்னார்.

கேசியா எழுந்து உட்கார்ந்தாள். காலைத் தரையில் வைத்தாள், சில்லென்றிருந்தது. கோவிலுக்கு ஓடிப்போய்த் திரும்பினால் கால்மணி நேரம் ஆகாது. காய்ச்சல்காரர்களும் கடன்காரர்களும் வயசானவர்களும் வருடம் முழுக்கச் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கப்போகிற அட்டை. அவர்களில் யார் தலையிலாவது தன் கையெழுத்து இடியாக இறங்கப்போகிறது. வேதனையாக இருந்தது அவளுக்கு. அந்தக் காலால் அவ்வளவு தூரம் ஓடினால் என்ன இறங்கும் என்பதும் தெரியும். மனிதர்கள் நான்கு பேர் ஒரு பக்கம், இன்னும் மனிதராகாத ஒன்று இன்னொரு பக்கம். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலை மேலே தூக்கிக்கொண்டு படுத்தாள். ஜெபம் ஒன்றும் பண்ணவில்லை. மைக்கைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. நடுவில் சலசலப்பு. யாரோ அழுகிற சத்தம். மைக் கீச்சிட்டது. பாஸ்டர் ஐயா, "இதை யார் எழுதினது? அதிகாரமும் போடல, வசன நம்பரும் போடலியே" என்றார். அப்புறம் மைக்குக்குப் பக்கத்தில் டப்பாவை வைத்துக்கொண்டு நிற்கிறவளின் குரல், அவளுக்கு நன்றாகத் தெரிந்த குரல், கேட்டது.

"நான்தாங்கய்யா எழுதினேன். வேற எதுக்கோ எழுதி வச்சது, கலந்துட்சி. மன்னிச்சிக்கணும்."

யூனிஸ் பொய் சொல்லி கேசியா அதுவரை கேட்டதில்லை. மாமியாரிடம்கூடப் பொய் சொல்லாமல் வாங்கிக் கட்டிக்கொண்டவள் அவள்.

வீட்டுக்கு முதலில் வந்தவர் இயேசுதாசன். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், கதை சொல்வதென்றால் டிக்கெட் கிழிக்கிற சுருக்கு. கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்கி கோயில்ல கூத்தும்மா. நாகபூஷணம் போனாரா? அவருக்கு, தண்ணி உள்ள வந்துக்கினு கீதுன்னு ஒரு கார்டு." நாகபூஷணம் பேரில்தான் பாம்பு, மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர், புத்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். "ஆளு குதிக்கிறாரு. இந்த வருஷம் போர்வெல்லுல தண்ணி வந்துடும்னு சாட்சி சொல்றேன்னுட்டாரு. அது வசனமே இல்லன்னு சொன்னா, நீ இன்னாய்யா எனக்கு சொல்றதுன்னு சண்டைக்கு வர்றாரு. கார்டு தர மாட்டேன்னுட்டாரு."

"அழுதது யாரு நைனா?"

"ரத்தினம்மாதான். வெளக்கு அணைஞ்சி போச்சின்னு வந்துட்சி. உங்கம்மா போயி கட்டிப் புட்ச்சிக்கினு, அத்த வாங்கிக்கினு வேற குட்த்துட்டா. அப்பால பாரு, பாஸ்டர் ஐயாவே எடுத்தாரு. நீ வீசின கயிறு எவன் கைக்கும் எட்டலன்னு." இயேசுதாசன் குரலைத் தாழ்த்தினார். "அவரு அத்த பையில வச்சிக்கினாரு. பிரசங்கத்த பாதியில முட்ச்சிட்டாரு. எல்லாருக்கும் சந்தோசம்."

மூன்று. கேசியா விரலை மடக்கினாள். மீதி அட்டைகளோடு டப்பா திரும்பி வந்திருந்தது. வாங்கி வயிற்றுக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், குழாய் பார்க்கிற கண்ணால். ரத்தினம்மா கொடுத்தது இருந்தது. நாலாவது ராஜா இல்லை.

யூனிஸ் புடவை மாற்றாமலே உள்ளே வந்து ஓர் அட்டையை மகளின் கையில் வைத்தாள். வர முடியாதவர்களுக்கு வீட்டுக்காரர்கள் எடுத்து வருவது வழக்கம். கேசியா எழுதியதுதான், ஏந்திச் சுமக்கிற கைகளைப் பற்றிய வசனம். "உனக்கு வந்துது பாத்தியா?" என்றாள் யூனிஸ்.

"உனக்கு இன்னாம்மா வந்துச்சி?"

"நல்லதுதான்."

"காட்டு."

"சோறு வைக்கணும், வுடு."

"அவ யாருக்குமே காட்டலம்மா," என்றார் இயேசுதாசன், கெடுக்க வேண்டிய நேரம் தெரிந்து. அவருடைய அட்டை ஏற்கெனவே கண்ணாடிச் சட்டத்தில் செருகியிருந்தது. யூனிஸ் அவரைப் பார்த்த பார்வையில் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டார்.

கேசியா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஆருக்கு மொதல்ல எடுத்தே?"

"எப்பவும் உனக்குத்தான்…" யூனிஸ் நிறுத்தினாள். "இந்த வருஷம் மொதல்ல எனக்கு எடுத்தேன்."

இன்றைக்கு இரண்டாவது பொய். முதலாவதைவிட மோசமாக வந்தது. கேசியா கையை நீட்டியபடி இருந்தாள். யூனிஸ் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து வியர்வையில் ஓரம் நனைந்த மஞ்சள் அட்டையை எடுத்தாள். கொடுக்கவில்லை, காட்டினாள். எல்லா வருடமும் அடுத்தவர் கையைத் தட்டிவிடுகிறவள், சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மகளின் அட்டையைத் தன் ஜாக்கெட்டில் செருகிக்கொண்டு, தன்னுடையதை மகளுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

"அது வெளாட்டும்மா," என்றாள் கேசியா. "ஹரிதா அனுப்பிச்சது. படகுல ஒண்டியா மாட்டிக்கிறது. நாலு ராஜா வந்தா ஆட்டம் முடிஞ்சிது. அதுக்கு எழுதினது. வேற ஒண்ணும் இல்ல."

"வெளாட்டுதானே. அப்ப யாரு வச்சிக்கினா இன்னா?"

"அது எனக்கு வந்தது."

"வந்துது. நான் எடுத்துக்கினேன்." யூனிஸ் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். அதுவரை பேசிக்கொண்டிருந்த குரல் மாறியது. "கேசியா, வெளாட்டோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. உன்னோட யாரும் இல்லன்னு உன் கையால எழுதிக்கிறியே. நவம்பர்ல இருந்து இந்தத் தலமாட்டுல குந்திக்கினு கீறேனே, நான் யாருடி?"

கேசியாவுக்கு அழுகை வந்தது. இரண்டு தடவை கலைந்தபோதும் அவள் இப்படி அழவில்லை. அப்போதெல்லாம் யார் வந்தாலும் வரவில்லை என்று வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த அம்மாவை ஒரு தடவைகூட எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. "குலுங்காதடி, தையல் கீது," என்று யூனிஸ் அவள் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு தானும் குலுங்கினாள். பிறகு எழுந்து அட்டையைப் பழைய இடத்திலேயே செருகிக்கொண்டு சோறு வைக்கப் போனாள்.

ஜனவரி முடியும்போது திருப்பதிக்கு ஸ்கேனுக்குப் போய் வந்தார்கள். காரின் பின் சீட்டில் அம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்தபடி, ஜன்னலில் அலிபிரிப் பக்கத்து மலை தலைகீழாகப் போவதைப் பார்த்துக்கொண்டே திரும்பினாள். ஐந்தாம் மாதம் தாண்டியிருந்தது. துடிப்பு இருந்தது. தையல் இதுவரை தாங்கியிருக்கிறது, இனிமேலும் தாங்கும் என்று சொல்ல முடியாது, படுத்தே கிட என்றார் டாக்டரம்மா. நூற்றுக்கு எத்தனை என்று கேசியா இந்தத் தடவை கேட்கவில்லை.

ஆட்டத்தை அவள் விடவில்லை. டப்பாவில் இப்போது ஒரே ஒரு ராஜாதான், விளக்கு அணைந்தது மட்டும். தண்ணீர் நாகபூஷணத்தின் போர் செட்டில் ஒட்டியிருந்தது. கயிறு பாஸ்டர் ஐயாவின் பையில். நாலாவது யூனிஸிடம், கேட்டாலும் தரமாட்டாள். ஒரு ராஜாவோடு படகை மூழ்கடிக்க முடியாது. ஆட்டம் கெட்டுப்போய்விட்டது என்று தரம் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் இல்லை. மஞ்சள் பேப்பர் மீதி இருந்தது, பேனாவும் இருந்தது, மூன்று அட்டை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதவில்லை.

கப்பல் வருகிற நாளில் லூடோ பகடையை அம்மாவிடம் நீட்டினாள். ஒருத்தர்தான் ஆடலாம் என்று விதியில் இருந்தது. யூனிஸ் பகடையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, தேவைக்கு மேலேயே நீளமாக ஜெபம் பண்ணினாள். பிறகு கட்டிலின் மேல் உருட்டினாள். மூன்று விழுந்தது.

"ஆறு வந்தாத்தான் கப்பல் பாக்கும்," என்றாள் கேசியா.

"திரும்பப் போடவா?"

"ஊஹூம். இனிமே அடுத்த வாரந்தான்."

"சரி, அடுத்த வாரம் போட்டுக்கலாம்," என்றாள் யூனிஸ், பகடையை டப்பாவில் போட்டு மூடியபடி. "எங்க போயிடப் போறோம்?"